ஐந்தாவது குழியில் தண்ணீர்

துறையின் வெள்ளிவிழா மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். "உங்க மலரும் நினைவுகளை ரெண்டு பக்கம் எழுதித் தாங்கக்கா" என்று, எனக்குப் பிறகு ஆய்வக டெக்னீஷியன் வேலைக்கு வந்திருக்கும் பெண் போனில் சொன்னாள். நான் போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். பேச்சோடு பேச்சாக, புதிதாக ஒரு மெஷின் வந்திருப்பதையும் சொன்னாள். கிருமி வளர்க்கும் தட்டை உள்ளே வைத்தால் அதுவே படம் எடுத்து, அளந்து, தாளில் அடித்துக் கொடுத்துவிடுகிறதாம். "இனிமே தப்பே வராதுக்கா" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. மெஷின் அளக்கும், சரி. எந்தக் குழியில் எதை ஊற்றினோம் என்று அந்த மெஷினுக்கு யார் சொல்வது? மனுஷிதானே சொல்ல வேண்டும். ஆகவே மலரும் நினைவு எதுவும் எழுதப் போவதில்லை. நான் செய்த ஒரு தப்பைப் பற்றி எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

என் பெயர் மெஹருன்னிசா. அத்தா திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தார். பச்சைத் தோலும் சுண்ணாம்பும் கலந்த வாடையில் பிறந்து வளர்ந்தவள் நான். லேப் டெக்னீஷியன் ஆவதற்கான டி.எம்.எல்.டி. படிக்கும்போது முதன்முதலாக மலப் பரிசோதனை செய்த அன்று பாதி வகுப்பு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியது. "இதெல்லாம் ஒரு நாத்தமாடி?" என்று கேட்டுவிட்டு என் ஸ்லைடைப் பார்த்து முடித்தேன். அப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தனியார் லேபில் சில வருடம், அதற்குப் பிறகு கல்லூரியின் நுண்ணுயிரியல் துறை. என் படிப்பும் பயிற்சியும் அவ்வளவுதான். மீதி எல்லாம் துறைத் தலைவர் தெய்வநாயகி மேடத்தின் கீழ் வேலை பார்த்து வந்தது.

மேடத்தின் குணத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சத்தம் போட்டு ஒரு நாளும் பேசியதில்லை. நல்லது என்றும் சொல்ல மாட்டார், கெட்டது என்றும் சொல்ல மாட்டார். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும், "எத்தனை தடவை செஞ்சீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. ஒரு தடவை என்றால் நிமிர்ந்தே பார்க்க மாட்டார். மூன்று தடவை என்றால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கையை நீட்டுவார்.

அவர் தட்டைப் படிப்பதைப் பார்க்கவே ஒரு கூட்டம் நிற்கும். இதில் புரியாதது ஒன்றுமில்லை. கண்ணாடித் தட்டில் அகர் என்னும் கடற்பாசிக் கூழை ஊற்றி உறைய வைப்போம். அதன் மேல் கிருமியைப் பஞ்சுக் குச்சியால் மூன்று பக்கமும் திருப்பித் திருப்பிப் பூசுவோம். ஐந்து இடத்தில் பொத்தான் அளவுக்குக் குழி வெட்டி, குழிக்கு ஒரு மருந்தாக அளந்து ஊற்றி, உடம்புச் சூட்டில் இன்குபேட்டரில் வைத்து மறுநாள் எடுப்போம். தட்டு முழுக்கக் கிருமி வெள்ளைப் படலமாகப் பரவியிருக்கும். மருந்துக்கு வேலை செய்யத் தெரிந்தால், அந்தக் குழியைச் சுற்றி மட்டும் ஒன்றும் வளராத தெளிந்த வட்டம் விழுந்திருக்கும். அந்த வட்டத்தின் அகலம்தான் எங்களுக்கு எல்லாம்.

மேடம் தட்டைக் கறுப்பு அட்டையின் மேல் குப்புற வைத்து, முதுகுப் பக்கத்திலிருந்து ஸ்கேல் பிடிப்பார். ஒரே வட்டத்தை மூன்று திசையில் அளப்பார். மூன்றில் எது குறைச்சலோ அதைத்தான் எழுத வேண்டும். "ஆசைப்பட்ட கண்ணுக்கு ஒரு மில்லிமீட்டர் கூடத்தான் தெரியும்" என்பார். இன்னொரு வழக்கமும் அவர் வைத்ததுதான். எந்தக் குழியில் என்ன மருந்து என்பது அளக்கிறவருக்குத் தெரியக் கூடாது. குழிகளுக்கு ரகசிய எண் போட்டு, அந்தச் சீட்டை உறையில் மூடி என் கோட்டுப் பையில் வைத்திருப்பேன். அளந்த கணக்கெல்லாம் பேனாவால் எழுதிக் கையெழுத்தான பிறகுதான் உறையைப் பிரிப்போம். வேண்டியவள் வேண்டாதவள் பார்க்காத அளவு அது. எனக்கு அந்த முறையின் மேல் தனிப் பெருமை. கடைசியில் அந்தப் பெருமைக்குள்தான் தப்பும் ஒளிந்துகொண்டது.

நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது கார்த்திகா என்ற பெண் எங்கள் துறையில் மேடத்தின் கீழ் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். வேடசந்தூர்க்காரி. அப்பா நூல் மில்லில் ஷிப்டு பார்க்கிறவர். ஆறு வருடமாக ஆய்வு இழுத்துக்கொண்டே போனது. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் நான்கு கிருமிகள் மேல் வில்வ இலைக் கஷாயத்தைப் போட்டுப் பார்ப்பதுதான் அவள் ஆய்வு. ஈ.கோலை, சால்மொனெல்லா, ஷிகெல்லா, க்ளெப்சியெல்லா என்று நாலும் எங்கள் ஃபிரிட்ஜில் குடியிருக்கும் பழைய உருப்படிகள். கஷாயம் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் செய்யவில்லை. பெண்ணுக்கு முகம் தொங்கிப்போனது.

அந்த நேரத்தில்தான் வடமதுரையில் ஹோமியோபதி பார்க்கும் ராமசுப்பு டாக்டர் வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். சுத்துப்பட்டு ஊர்களில் அவரைத் தெரியாத வீடு கிடையாது. கையில் இரண்டு மூன்று பாட்டில்.

"இதுவும் வில்வ எலைதாம்மா. எங்க முறைப்படி செஞ்ச டிங்சர். முப்பது வீரியம், இருநூறு வீரியம்னு நீர்த்தும் கொண்டாந்திருக்கேன். இதையும் ஒங்க கிருமிக்கு ஊத்திப் பாருங்க. ஒண்ணும் ஆகலன்னா ஆகலன்னு சொல்லுங்க, வருத்தப்பட மாட்டேன்" என்றார்.

ஊற்றிப் பார்த்தோம். நான்கு கிருமிக்கும் வட்டம் விழுந்தது. டிங்சரைவிட முப்பதுக்குப் பெரிய வட்டம், முப்பதுக்குச் சமமாக இருநூறு. கார்த்திகா தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதாள். டாக்டர் தன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "எங்க சாத்திரமே இதுதானம்மா. மருந்து குறையக் குறைய வேகம் கூடும். இம்புட்டு வருசமா சொன்னோம், எவன் நம்புனான்?"

மேடம் வழக்கம்போல எத்தனை தடவை என்று கேட்டார். மூன்று என்றோம். "இன்னும் ஆறு" என்றார். ஆறும் செய்தோம், ஒரு மாற்றமும் இல்லை. தப்பை ஒன்பது தடவை ஒழுங்காகச் செய்தால் ஒன்பது தடவையும் ஒரே விடைதான் வரும் என்பது எங்கள் மூன்று பேருக்குமே அன்றைக்குத் தோன்றவில்லை.

கார்த்திகா ஆய்வேட்டை எழுதி முடித்தாள். பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி அவகாசம் முடிய இருபத்து நாலு நாள் இருந்தது. அதற்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, ஆறு வருடமும் போச்சு. பைண்டிங்குக்குக் கொடுக்கும் சமயத்தில் ஒரு படத்தில் மட்டும் வெளிச்சம் அடித்திருந்தது. "ஒரே ஒரு தட்டு போட்டுத் தாங்கக்கா, புதுசா போட்டோ எடுத்து ஒட்டிர்றேன்" என்றாள்.

ரமலான் நோன்பு மாதம். பங்குனி வெயில். காலையில் வந்ததும் நாங்கள் செய்யும் முதல் வேலை, மேஜையை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பது. மேஜையில் கிடக்கும் கிருமி சாக வேண்டும் என்பதற்காகத்தான் அது. அன்றைக்கும் துடைத்தேன். வெறும் வயிற்றில் மூக்கு கூர்மையாகிவிடும். ஸ்பிரிட் வாடை மண்டைக்கு ஏறியது. கையைக் காய விட்டுவிட்டு, டாக்டர் கொடுத்த முப்பது வீரியப் பாட்டிலின் மூடியைத் திறந்தேன். அதே வாடை.

அப்படியே நின்றேன். மேஜைத் துணியை மோந்தேன், பாட்டிலை மோந்தேன், மறுபடி துணியை மோந்தேன். பக்கத்தில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த அட்டெண்டர் செல்லம்மா, "ஏக்கா, அதை மோந்தா நோம்பு முறியாதா?" என்றாள்.

"நோம்பு முறியாது செல்லம்மா. வேற என்னமோ முறியப் போகுது" என்றேன்.

ஸ்பிரிட் என்பதே ஆல்கஹால்தான். டிங்சரில் பாதிக்கு மேல் ஆல்கஹால். முப்பதும் இருநூறும் கிட்டத்தட்ட ஆல்கஹாலேதான். இது எனக்குப் புது விஷயம் இல்லை, பாட்டில் லேபிளிலேயே போட்டிருக்கிறது. எங்கள் தட்டின் ஐந்தாவது குழி எதற்கு என்று கேட்டால் முதல் வருடப் பிள்ளைகூடச் சொல்லும். மருந்து எதில் கரைந்திருக்கிறதோ அதை மட்டும், மருந்தில்லாமல் அந்தக் குழியில் ஊற்ற வேண்டும். அதற்கு வட்டம் விழாமல் இருந்தால்தான் மற்ற வட்டம் மருந்தால் வந்தது என்று சொல்ல முடியும். கஷாயம் தண்ணீரில் காய்ச்சியது, அதனால் ஐந்தாவது குழிக்கு வாலைவடிநீர் ஊற்றினோம். அது சரி. டிங்சர் வந்த பிறகும், ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்த அதே படிவத்தை எடுத்து, அதே தண்ணீரையே ஊற்றிக்கொண்டு வந்தேன். கை பழகிப்போனது. கார்த்திகா என் கையைப் பார்த்துச் செய்தாள். மேடம் ரகசிய எண்ணை மட்டும் பார்த்தார். உறையைப் பிரித்தபோது சீட்டில் "ஒப்பீடு" என்று எழுதியிருந்தது. என்ன ஒப்பீடு என்று யாரும் கேட்கவில்லை, எழுதினது மெஹருன்னிசா ஆயிற்றே.

யாரிடமும் சொல்லாமல் இரண்டு தட்டு போட்டேன். ஒன்று கார்த்திகா கேட்டது. இன்னொன்றில் டிங்சர் குழிக்குப் பக்கத்தில் டிங்சர் அளவுக்கே நீர்த்த வெறும் ஆல்கஹால், முப்பதுக்குப் பக்கத்தில் முப்பதின் அளவுக்கு ஆல்கஹால்.

மறுநாள் காலை இன்குபேட்டரைத் திறந்தபோது அளக்கவே தேவை இருக்கவில்லை. இருந்தாலும் அளந்தேன். மருந்துக்கும் வெறும் ஆல்கஹாலுக்கும் வட்டம் ஒன்றுபோல இருந்தது. வீரியம் கூடக் கூட வட்டம் பெரிதானதற்கும் காரணம் தெரிந்துபோனது. கூடினது வீரியம் இல்லை, ஸ்பிரிட்.

உண்மையை எழுதுவது என்று உட்கார்ந்துவிட்டேன், இதையும் எழுதிவிடுகிறேன். அந்தத் தட்டை ஆட்டோகிளேவில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். கிருமித் தட்டை அப்படித்தான் அழிப்போம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பெண் பட்டம் வாங்கிவிடுவாள். டாக்டர் சந்தோஷமாக இருப்பார். எனக்கு ரெண்டு வருடத்தில் மாலை மரியாதையோடு ஓய்வு. மத்தியான லுஹர் தொழுகையில் நிற்கும்போதும் மனசு அந்தத் தட்டிலேயே நின்றது. எத்தனை ரக்அத் தொழுதேன் என்றே கணக்கு விட்டுப்போனது. எனக்கு என் மேல் வந்த கோபம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. பத்து ரூபாய் டெஸ்டுக்குக்கூட ரெண்டு தடவை பார்த்து ரிப்போர்ட் கொடுத்தவள் நான். இதில் போய்ச் சறுக்கிவிட்டு, மூடி மறைக்கவும் பார்க்கிறேனே என்று.

தட்டை எடுத்துக்கொண்டு மேடம் அறைக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். தட்டை வாங்கிக் குப்புற வைத்து மூன்று திசையிலும் அளந்தார்.

"எத்தனை தடவை செஞ்சீங்க?"

"ஒரு தடவைதான் மேடம்."

"இன்னும் ரெண்டு தடவை போடுங்க. இந்தத் தடவை எண் நான் போடுறேன். அளக்குறது நீங்க."

இரண்டு நாளில் அதுவும் தெரிந்துவிட்டது, இரண்டு தடவையும் அதே விடைதான். மேடம் தன் கையாலேயே உறையைப் பிரித்து என் முன்னால் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"தண்ணி ஊத்துனது நீங்க. சீட்டைப் பிரிச்ச பிறகும் என்ன ஒப்பீடுன்னு கேக்காதது நான். இதுல ரெண்டு கையெழுத்து இருக்கு, மெஹர்" என்றார். பிறகு காலண்டரைப் பார்த்தார். "இருபத்தோரு நாள் இருக்கு. நாலு கிருமி. ஒவ்வொண்ணுக்கும் மூணு தடவை. மருந்து, அதே அளவு ஆல்கஹால், ஆல்கஹாலை ஆவியாக்கிட்டு மிஞ்சின சக்கையைத் தண்ணில கரைச்சது. எல்லாம் புதுசா. முடியுமா?"

"முடியும் மேடம்" என்றேன். முடியுமா என்று எனக்குத் தெரியாது. முடியாது என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

கார்த்திகாவிடம் நானே சொல்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். பைண்டிங்குக்குப் போக வேண்டிய தாள்கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை முகத்தையே பார்த்தாள்.

"ஏன்க்கா பாத்தீங்க?" என்றாள்.

"என்னம்மா?"

"ஒரு போட்டோவுக்குத்தான தட்டு போடச் சொன்னேன்? அதைப் போட்டுத் தந்துட்டுப் பேசாம இருந்திருக்கலாம்ல? எதுக்குக்கா ஸ்பிரிட்ட ஊத்திப் பாத்தீங்க? எங்கப்பா மில்லுல எல்லாத்துக்கிட்டயும் சொல்லி வச்சிருக்காரு, எம்மக டாக்டர் ஆகப் போறான்னு."

"தப்பு எம்மேலதாம்மா. அவங்க குடுத்த கெடுவுக்குள்ள முடிச்சுத் தாரேன்" என்றேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். "அகர் ஊத்தியாச்சு", "மூணாம் நம்பர் எடுத்தாச்சு", அவ்வளவுதான். அக்கா என்ற வார்த்தை போய்விட்டது.

வடமதுரைக்கும் நானே போனேன். டாக்டர் கிளினிக் வாசலில் புதிதாக ஒரு போர்டு மாட்டியிருந்தார். வயிற்றுப்போக்குக் கிருமிகளை அவர் மருந்து கொல்லும் என்பது கல்லூரி ஆய்வில் உறுதியாகிவிட்டதாகப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. பெஞ்சில் இடுப்பில் பிள்ளையோடு இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். போர்டைப் பார்த்ததும் எனக்கு நாக்கு வறண்டுபோனது, நோன்பினால் மட்டும் இல்லை.

அவர் கடைசிவரை கேட்டார். கோபப்படவில்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

"ஏன் தாயி, நான் அரை டம்ளர் தண்ணில பத்துச் சொட்டு விட்டுக் குடுக்கேன். ஒங்க தட்டுல இருக்க கிருமியக் கொல்லுறதுக்கா குடுக்கேன்? ஒடம்பைத் தூண்டிவிடுறதுக்குக் குடுக்கேன். தட்டுல ஒடம்பு இருக்கா?"

"இல்ல டாக்டர். ஒங்க மருந்து ஒடம்புல என்ன செய்யுதுன்னு நான் பாக்கல. அதைச் சொல்ல எனக்குத் தெரியாது. தட்டுல கிருமியக் கொன்னது ஸ்பிரிட்டு. அதை மட்டுந்தான் பாத்தேன். ஆனா ஒங்க போர்டுல கிருமியக் கொல்லும்னுதான இருக்கு? அது எங்க தப்பால வந்த போர்டு."

வெளியே இருந்த பிள்ளை சிணுங்கியது. அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "திரும்பச் செய்யிறீகளாமே. முடியட்டும். முடிஞ்சப்பெறகு பாப்போம்" என்றார். போர்டு அப்படியே இருந்தது. எனக்குக் கோபமும் வந்தது, அவர் மேல் பரிதாபமும் வந்தது. அவரை அந்த போர்டு எழுத வைத்தவளே நான்தானே.

அடுத்த மூன்று வாரம் வேலை என்றால் அப்படி ஒரு வேலை. காலையில் தட்டு ஊற்றுவது, முந்தின நாள் தட்டை அளப்பது, டிங்சரை வெந்நீர்த் தொட்டியில் வைத்து ஸ்பிரிட் வாடை சுத்தமாகப் போகும்வரை ஆவியாக்குவது. அடியில் தேன்மாதிரி கொஞ்சம் சக்கை மிஞ்சும். அதைக் கரைத்துக் குழியில் விடுவது. அச்சடித்த படிவங்களைக் கட்டோடு கிழித்துப் போட்டுவிட்டேன். எந்தக் குழியில் என்ன ஊற்றினேன் என்பதை ஊற்றும்போதே கையால் எழுதினேன். கார்த்திகா அதைப் பக்கத்தில் நின்று படித்துவிட்டுத் தன் இனிஷியலைப் போட்டாள். பேசாவிட்டால் என்ன, ஒரு வார்த்தை விடாமல் படித்தாள்.

ஒன்பதாவது நாள் கரண்டு போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்து, இன்குபேட்டர் சூடு இறங்கிவிட்டது. மறுநாள் தட்டுகளைப் பார்த்தால் வட்டமெல்லாம் என்னவோபோல இருந்தன. அளந்து எழுதிவிடலாம் என்று எனக்கே ஆசை வந்தது. மேடம் வந்து பார்த்தார். "கொட்டுங்க" என்றார். கொட்டினோம். மறுபடி ஊற்றினோம்.

பெருநாள் வந்தது. கிருமிக்குப் பெருநாள் தெரியாது, அன்றைக்கும் அளக்க வேண்டிய தட்டு இருந்தது. தொழுகை முடித்து, பேரப்பிள்ளைகளுக்குப் பெருநாள் காசு கொடுத்துவிட்டு மத்தியானம் லேபுக்கு வந்தேன். தூக்குவாளியில் சேமியாப் பாயசம் கொண்டுவந்து, வெளி அறையில் கார்த்திகாவின் மேஜையில் வைத்துவிட்டு அளக்கப் போனேன். சாயங்காலம் கிளம்பும்போது வாளி கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. செல்லம்மா லீவு. எனக்கு அதுபோதும் என்றிருந்தது.

முடிவு வந்தது. மருந்தும் வெறும் ஆல்கஹாலும் நான்கு கிருமிக்கும் ஒன்றே. ஸ்பிரிட் போன சக்கைக்கு மூன்று கிருமியிடம் ஒரு வட்டமும் இல்லை. ஷிகெல்லாவிடம் மட்டும் குழியைச் சுற்றிக் கோடு மாதிரி ஏதோ தெரிந்தது. மேடம் அதை மூன்று திசையில் அளந்துவிட்டு, "இதை இருக்குன்னும் எழுத வேண்டாம், இல்லைன்னும் எழுத வேண்டாம். தெரிஞ்ச அளவை அப்படியே எழுதுங்க" என்றார். கார்த்திகா ஆய்வேட்டை மாற்றி எழுதினாள். கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது கொண்டுபோய்க் கொடுத்தாள். போகும்போது மேடத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். என்னிடம் தலையை மட்டும் ஆட்டினாள்.

வாய்மொழித் தேர்வு நடக்க ஆறேழு மாதம் ஆயிற்று. அது வெளி ஆட்கள் யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேள்வி கேட்கக்கூடிய தேர்வு. கார்த்திகாவின் அப்பா மில் யூனிபார்மோடு பின் வரிசையில் வந்து உட்கார்ந்தார். நானும் பின்னால்தான் இருந்தேன். ராமசுப்பு டாக்டர் முன் வரிசையில். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒல்லியான மனிதர், முகத்தில் சிரிப்பே இல்லை.

"ஆறு வருஷம் ஆராய்ச்சி பண்ணி, வேலை செய்யலைன்னு கண்டுபிடிச்சிருக்கீங்க. இதுக்கு எதுக்குப் பட்டம் கொடுக்கணும்?" என்று ஆரம்பித்தார். என்னால் வந்த வினை அந்தக் கேள்வி. கார்த்திகா தடுமாறாமல், என்ன ஊற்றினோம், என்ன வந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

பார்வையாளர் கேள்வி என்றதும் ராமசுப்பு டாக்டர் கையை ஊன்றி எழுந்தார். "நாந்தான் மருந்து குடுத்தவன். போர்டை எறக்கிட்டேன், அது கெடக்கட்டும். வயித்தால போற பிள்ளையத் தூக்கிக்கிட்டு நாளைக்கும் எங்கிட்டதான் வருவாக. அவுகளுக்கு நான் என்ன சொல்லட்டும்? அதைச் சொல்லும்மா."

"முதல்ல உப்பு சர்க்கரைக் கரைசல் குடுங்க அய்யா. பிள்ளை சோர்ந்துபோயிருந்தா, ரத்தம் கலந்து போனா, உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புங்க. அதுக்கு மேல ஒங்க மருந்தைக் குடுக்குறது ஒங்க விருப்பம்."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டே உட்கார்ந்தார்.

தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டினார். "ஒண்ணு எனக்குப் புரியல. முதல்ல தண்ணியை ஒப்பீடா வச்சுத் தப்பா செஞ்சதை ஒரு முழு அத்தியாயமா எழுதியிருக்கீங்க. அதை எடுத்துட்டு ரெண்டாவதா செஞ்சதை மட்டும் வச்சிருந்தா யாருக்கும் தெரியாதே?"

கார்த்திகா மேடத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடினாள்.

"தண்ணிய ஊத்தி வச்சவங்க இன்னும் எத்தனையோ லேபுல இருப்பாங்க சார். அவங்க முடிவெல்லாம் அச்சுல வந்துருக்கும். எங்கக்கா ஒருத்தங்கதான் அதை வெளிய சொன்னாங்க. அதை எப்படி எடுக்கச் சொல்றீங்க?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, "யார் அந்த அக்கா?" என்று தேர்வாளர் கேட்டார்.

நான் எழுந்து நின்றேன்.

"தப்பைக் கண்டுபிடிச்சது நீங்களா?"

"ஆமா சார். தப்பு செஞ்சதும் நான்தான்."

ஹாலில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "உக்காருங்கம்மா" என்றார்.

நான் உட்காரவில்லை. பெண்ணுடைய ஆறு வருடம் என்ன ஆகிறது என்று தெரியாமல் என்னால் உட்கார முடியவில்லை. அவர் எழுதி முடிக்கும்வரை, மேடம் கையெழுத்துப் போடும்வரை நின்றேன். இடுப்பு வலித்தது. பக்கத்தில் கார்த்திகாவின் அப்பாவும் என்னைப் பார்த்து எழுந்து நின்றுகொண்டார். கடைசியில் தேர்வாளர் தாளைக் கையில் எடுத்து, முனைவர் கார்த்திகா என்று வாசித்தார். அதற்குப் பிறகுதான் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.